குளத்து மீன்கள் கொத்து கொத்தாக சாவது ஏன்? விஷம் இல்லை... சாப்பாடு அதிகமாகி விட்டது!

கோவை:

வெயில் காலத்தில் விடிகாலை குளக்கரை பக்கம் வாக்கிங் போகிறவர்கள் அவ்வப்போது மூக்கைப் பொத்திக் கொண்டு திரும்பி வருவது கோவையில் பழகிப்போன காட்சி. கட்லா, ரோகு எல்லாம் வயிறு மேலே தெரிய செத்து மிதக்கும். உடனே ஊருக்குள் பரபரப்பு. "எவனோ மருந்து கலந்துட்டான்" என்பார்கள். குளத்தை குத்தகைக்கு எடுத்தவருக்கு போட்டியாளர் மேல் சந்தேகம் வரும். விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போகும்.

மருந்து கலக்கிற ஆட்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலான சாவுக்கு காரணம் வேறு. நம் வீட்டு கழிவறையும், துணி துவைக்கிற சோப்புத் தண்ணீரும்தான்!

நைட்ரஜன், பாஸ்பரஸ் என்ற இரண்டு சத்துக்களும் கழிவு நீரில் ஏராளம். வயலுக்கு போடுகிற யூரியா, டிஏபி உரத்தில் இருப்பதும் இதே சரக்குதான். வயலில் போட்டால் நெல் வளரும், குளத்தில் விட்டால் பாசி வளரும். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் தண்ணீரை வாங்குவதற்காக வெட்டப்பட்டவை உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம். நகரம் பெருத்த பிறகு சாக்கடையும் சேர்ந்து வந்ததால், ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் இவற்றுக்கு 'உரம்' தவறாமல் கிடைத்தது.

விடிகாலை கணக்கு

பகலில் வெயில் பட்டால் பாசி ஆக்சிஜனை விடும். ராத்திரியில் அதுவே ஆக்சிஜனை இழுக்கும். செத்த பாசியை மக்க வைக்கிற கிருமிகளும் இழுக்கும். இதனால் சூரியன் உதிப்பதற்கு சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். போதாக்குறைக்கு சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைகிற இடத்தில் 30 டிகிரியில் ஏழரைதான் கரையும்.

கட்லா, ரோகு மாதிரி மீன்கள் நன்றாக இருக்க லிட்டருக்கு 5 மில்லிகிராம் வேண்டும். இரண்டுக்கு கீழே போனால் மேலே வந்து வாயைப் பிளக்கும். பெரிய மீன்தான் முதலில் சாகும். அதே குளத்தில் விராலும் தேளியும் ஜம்மென்று இருக்கும். அவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கிற ஜாதி.

விஷமா இல்லையா என்று பார்க்க இது ஒரு நல்ல அடையாளம். மருந்து கலந்திருந்தால் பெரியது சின்னது பார்க்காமல் மீன் சாகும், தவளை, பூச்சியும் சேர்ந்து சாகும். நேரம் காலமும் கிடையாது. எதனால் செத்தாலும் அந்த மீனை வாங்கி சாப்பிடக் கூடாது என்பது தனி விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை. தகவல் கிடைத்து, ஜீப் ஏற்பாடாகி, தண்ணீர் எடுக்க ஆள் வருவதற்குள் காலை 11 மணி ஆகி விடும். அதற்குள் பாசி மறுபடி ஆக்சிஜனை வாரி விட்டிருக்கும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் தண்ணீர் 'நார்மல்' என்று வரும். விஷமும் இல்லை, ஆக்சிஜனும் குறையவில்லை என்றால் மீன் எப்படி செத்தது? அந்தக் கேள்விக்கு பதில் அந்த பாட்டிலில் இருக்காது. 5 மணிக்கு எடுத்திருக்க வேண்டும்.

ஜிலேபி ராஜ்ஜியம்

சாகாத நாட்களிலும் சத்து அதிகமானால் குளத்தின் குடும்பமே மாறி விடுகிறது. 1952-ல் இந்தியாவுக்கு கொண்டு வரப்பட்டது திலேப்பியா. நம் ஊரில் ஜிலேபி கெண்டை. பாசியும் தின்னும், அடி மண்ணில் கிடக்கிற மக்கிய கழிவும் தின்னும். குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும். முட்டையை தாய் மீன் வாயிலேயே வைத்து காக்கும், வருஷத்துக்கு பல தடவை குஞ்சு பொரிக்கும். சாக்கடை குளத்துக்கு என்றே செய்து வைத்த மாதிரி மீன்! கூட்டம் பெருத்து போவதால் உள்ளங்கை அளவுக்கு மேல் வளராமல் நின்று விடுவதும் உண்டு. வலையில் எடை இருக்கும், கையில் காசு இருக்காது.

அடிச்சேற்றில் தட்டானின் குஞ்சுகள் குறைந்து, சாக்கடையை தாங்குகிற சிவப்பு புழு பெருகும். க்யூலெக்ஸ் கொசுவுக்கும் கொண்டாட்டம். ஜிலேபியை தின்ன நீர்க்காகமும் கூழைக்கடாவும் வரும். பறவையை பார்த்து 'குளம் நல்லாயிடுச்சு' என்று போட்டோ போடுகிறோம். சில நேரம் அது சாக்கடை போட்ட விருந்து.

ஆகாயத்தாமரை கூத்து

ஆகாயத்தாமரையும் இதே சத்தில்தான் வளர்கிறது. வசதியான தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். எந்திரம் வைத்து அள்ளுவது சரிதான், சத்தும் கொஞ்சம் வெளியேறும். ஆனால் அள்ளியதை கரையிலேயே குவித்து விட்டு போனால் மக்கி, அடுத்த மழையில் அதே குளத்துக்குள் இறங்கும். செலவு கணக்கு மட்டும் வெளியே நிற்கும்.

வாய்க்காலை அடைத்தால் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் உள்ள வாஷிங்டன் ஏரியில் சுத்திகரித்த கழிவு நீரை விட்டதற்கே பாசி மண்டியது. 1963 முதல் 1968 வரை அதை படிப்படியாக வேறு பக்கம் திருப்பினார்கள். 1970-களில் ஏரி தெளிந்தது. 1976 வாக்கில் பாசியை மேய்கிற டாப்னியா என்ற பொடி நீர்ப்பூச்சி பெருகி, தண்ணீர் இன்னும் தெளிந்தது.

அது ஆழமான ஏரி. நம் குளங்கள் ஆழம் குறைவு. வருஷக்கணக்கில் இறங்கிய பாஸ்பரஸ் அடிச்சேற்றில் உட்கார்ந்திருக்கிறது, ஆக்சிஜன் குறைகிற போதெல்லாம் மேலே வரும். சாக்கடையை இன்றைக்கே நிறுத்தினாலும் சில வருஷம் பாசி வரத்தான் செய்யும். சேற்றையும் அள்ள வேண்டும். அந்த காலத்தில் கோடையில் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்தார்கள். இப்போது பட்டறை கழிவும் கலந்து கிடப்பதால், கன உலோகம் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த சேற்றை வயலில் கொட்ட முடியாது.