மௌனத்துக்கு எத்தனை மதிப்பெண்?

மார்பகப் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளவிடும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் பெருகிவருகின்றன, வரவேற்கத்தக்கதே. ஆனால் நான் வாசித்த பலவற்றில், கருவி பற்றிய பகுதி ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: தரப்படுத்தப்பட்ட வினாநிரல் பயன்படுத்தப்பட்டது. மொழியியல் பயின்றவள் என்ற முறையில், அந்த ஒற்றை வாக்கியத்தோடுதான் என் வழக்கு.

நாம் பெரிதும் நம்பும் ஐரோப்பியக் கருவியின் 30 பொது வினாக்கள் 1993இலும், மார்பகப் புற்றுநோய்க்குரிய 23 வினாக்கள் 1996இலும் வெளியாயின. அதன் முதல் வினா, கனமான கடைப்பையையோ பயணப்பெட்டியையோ சுமப்பதில் சிரமம் உண்டா என்கிறது. அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டு, கை வீங்கி, தண்ணீர்க் குடத்தைத் தூக்க இயலாமல் நிற்கும் பெண்ணிடம் பயணப்பெட்டியைப் பற்றிக் கேட்கிறோம். மருத்துவச் செலவுக்காக நிலத்தை அடகு வைத்த குடும்பத்துக்கோ, பணநெருக்கடி பற்றி ஒரே ஒரு வினா.

மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பர். எந்த மொழிக்கு? 2011 கணக்கெடுப்பில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் தாய்மொழியாகக் குறித்த போஜ்புரி, இந்தியின் கீழ் அடக்கப்பட்டது. பீகாரிலிருந்து மும்பைக்குச் சிகிச்சை தேடி வருபவளின் கையில் ஏட்டு இந்தியில் ஒரு தாள் தரப்படுகிறது. படிக்கத் தெரியாவிட்டால் கணவரோ மகனோ வாசித்துக் காட்டுகிறார். உடலுறவில் நாட்டம் இருந்ததா என்ற வினாவும் அத்தாளில்தான் இருக்கிறது. மகன் வாசிக்கும் அவ்வினாவுக்குத் தாய் என்ன விடை கூறுவாள்?

அவள் மௌனமாகிறாள். அம்மௌனத்துக்கும் விதியுண்டு: ஓர் அளவுகோலில் பாதி வினாக்களுக்காவது விடையிருந்தால், விடுபட்டவற்றைக் கிடைத்தவற்றின் சராசரியாகக் கொள்ளலாம். அதுவும் இல்லையெனில் அந்த அளவுகோலின் கணக்கிலிருந்தே அவள் நீங்கிவிடுகிறாள். கூச்சமும் அச்சமும் புரியாமையும் ஒரே வெற்றுக் கட்டமாகின்றன. பேசாமையைப் பொருளற்றதாகக் கருதும் உரிமையை நமக்கு யார் தந்தது?

உலகளாவிய ஒப்பீட்டுக்குப் பொதுக்கருவி வேண்டாமா என்பது நியாயமான எதிர்வாதம். வேண்டும்தான். ஆனால் ஒப்பிட வேண்டுமாயின், இரு பெண்களும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஒரே எண்ணுள்ள கேள்வியை அல்ல.

இது வெறும் சொல்லாய்வு அன்று. முற்றிய புற்றுநோயாளிகள் 766 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளியானது. தம் அறிகுறிகளைத் தாமே முறையாகத் தெரிவித்து, தீவிரமானவை உடனுக்குடன் செவிலியரை எட்டிய குழுவின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதம், வழக்கமான பராமரிப்பில் 26 மாதம். கேட்பதும், கேட்டதைச் செயலாக்குவதும் ஆயுளையே நீட்டக்கூடும். நம் நாட்டில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது.

ஆகவே ஆய்வுத் தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். வினாவை எம்மொழியில், யார், யார் முன்னிலையில் கேட்டார் என்பதை ஆய்வேட்டில் பதிவுசெய்யுங்கள். விடையின்மைக்கான காரணத்தைத் தனியே குறியுங்கள். கை வீக்கம் என்று அவள் சொன்னால், அத்தகவல் அன்றே அவளுடைய மருத்துவரையும் இயன்முறைச் சிகிச்சையாளரையும் சென்றடையட்டும். அவளது விடை நமக்குப் பட்டம் தருகிறது. அவளுக்கு ஒரு கையுறையாவது தரவேண்டாமா?