"செட் ஆகல" என்று என்னிடம் சொல்லாதீர்கள்

நீளமான பதிவு. முழுவதும் படித்துவிட்டு லைக் போடுங்கள். படிக்காமலே தலையாட்டுகிறவர்கள் யார் யாரென்று எனக்கு வகுப்பிலிருந்தே தெரியும்.

"டீச்சர், ஆசையா ஒரு பூனை வாங்கினோம். செட் ஆகல. விட்டுட்டோம்." இந்த வருடத்தில் இதை எத்தனை பேர் சொல்லிவிட்டீர்கள்! எங்கே விட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்: மாமல்லபுரம் பக்கம், கடற்கரையில். மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளுமாம். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர் ஃப்ளாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பீச்சுக்குப் போவது. போகும்போது காரில் ஒரு அட்டைப்பெட்டி, வரும்போது இல்லை. இதற்குப் பெயர் "விட்டுட்டோம்" இல்லை. கைவிட்டீர்கள்.

எத்தனை நாள் பார்த்தீர்கள்? நாலு நாள். ஒருத்தர் ஒரு வாரம் என்று பெருமையாகச் சொன்னார். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை வாயைத் திறக்கவே காலாண்டுத் தேர்வு வந்துவிடும். உங்களில் பாதிப்பேர் அப்படிக் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவர்கள்தான். செட் ஆகவில்லை என்று நான் யாரையும் டி.சி. கொடுத்து அனுப்பவில்லையே.

விலங்கியல் எடுத்தவள் என்பதால் சொல்கிறேன். பூனைக்கு வீடு என்பது வாசனை. கன்னத்தில், தாடையில், பாதத்தில் அதற்குச் சுரப்பிகள் இருக்கின்றன. சுவர் ஓரத்திலும் கதவு நிலையிலும் உரசி உரசித் தன் வாசனையைப் பூசி, "இது என் இடம்" என்று எழுதிக்கொள்கிறது. உங்கள் வீட்டில் அது வந்து இறங்கிய அன்று அதன் எழுத்து ஒன்றுகூட இல்லை. பினாயிலும் கொசுவர்த்தியும் ஊதுவத்தியும்தான். போதாததற்கு மிக்ஸி, குக்கர் விசில், காலிங் பெல், செல்ஃபி எடுக்கக் கட்டிலுக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகள். அது ஒளிந்துகொண்டால் திமிர் என்கிறீர்கள். ஒளிவது அதன் புத்திசாலித்தனம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. முதல் நாளே மூன்று பெட்ரூமையும் திறந்து விடாதீர்கள். ஒரே ஒரு அறை. அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, அது பிறந்த வீட்டில் படுத்திருந்த பழந்துணியைத் துவைக்காமல் உள்ளே போடுங்கள். ஒரு மூலையில் மணல் போட்ட பேசின், எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும். கக்கூஸ் பக்கத்தில் இலை போட்டால் நீங்கள் உட்காருவீர்களா? பீச் மணலை அள்ளி வந்து போடாதீர்கள். அதில் ஊர்ப்பட்ட நாயும் பூனையும் போயிருக்கும், குடற்புழு வரும். பிறகு தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள், தூக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். அதுவாக வரும். ஒரு நாள் கதவு நிலையில் கன்னத்தை உரசும். அதற்குப் பிறகுதான் ஹாலைத் திறக்க வேண்டும். சில பூனைக்கு மூன்று நாள், சிலதற்கு மூன்று வாரம், அடிபட்டு வந்ததென்றால் இன்னும் கூடுதல்.

பகலில் தொடாத சாப்பாட்டை ராத்திரி தின்றால் கவலை இல்லை. ஒரு நாள் முழுக்க ஒன்றுமே தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வளர்ந்த பூனைக்குப் பால் பெரும்பாலும் செரிக்காது. பாலை ஊற்றி வயிற்றுப்போக்கு வரவைத்துவிட்டு, "வீட்டை நாறடிக்குது" என்று அதையே திட்டுகிறோம். பினாயிலை நக்கினால் அதற்கு விஷம். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலில் பாதி மாத்திரை போதும், செத்துவிடும். பால்கனிக்கு வலை, பூனை வருவதற்கு முன்னால் அடிக்க வேண்டும்.

"கடற்கரையில் எத்தனை பூனை நன்றாக இருக்கிறது டீச்சர்!" இருக்கிறது. கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் மீனவர் குப்பத்தில் இருப்பவை அங்கேயே பிறந்தவை. எந்த நேரத்துக்குப் படகு வரும், எந்த அம்மா செதில் குடலை எறிவார், எந்த நாய் துரத்தும் என்று தாயோடு திரிந்து கற்றவை. கிண்ணத்தில் உருண்டைத் தீனி தின்ற உங்கள் பெர்ஷியன் அங்கே போய் என்ன செய்யும்? அந்த நீள முடியில் உப்பும் மணலும் சிக்குப்பிடிக்கும். இருக்கிற பூனைகள் அதைப் பக்கத்தில் சேர்க்காது. உங்கள் பொறுப்பை, மீன் விற்றுப் பிழைக்கும் ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில், பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். சிரிக்காதீர்கள், அன்றைக்கு எழுதிய தொகை இது. இவ்வளவு வருடமாக அதை உயர்த்தாதது நம் லட்சணம்.

சுற்றுலா போனபோது அர்ச்சுனன் தபசுப் பாறையில் உங்களுக்கு ஒரு பூனையைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? எலிகள் சூழ, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிற போலிச் சாமியார். பல்லவர் காலத்திலிருந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். "எங்க செல்லக் குட்டி" என்று இருபது படம் போட்டுவிட்டு, அதே ஊர்க் கடற்கரையில் அந்தக் குட்டியை இறக்கிவிட்டு வருகிறவர் எந்தத் தவத்தில் சேர்த்தி?

குழந்தைக்கு மூச்சிரைப்பு, வெளிநாட்டு வேலை, வீட்டுக்காரர் கெடுபிடி, இதெல்லாம் நிஜமான சங்கடங்கள், மறுக்கவில்லை. அப்போது வேறொரு வீடு தேடிக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பழைய சோபாவுக்கே ஆள் பிடிக்கிறீர்கள்.

இப்போது யார் வீட்டிலாவது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு அட்டைப்பெட்டி தயாராகிக்கொண்டிருந்தால், அதற்குள் எனக்கு ஒரு போன் போடுங்கள். பழைய நம்பர்தான். நாலு மணிக்கு மேல், மத்தியானம் தூங்குவேன்.