புற்றெல்லாம் பாம்புப் புற்றன்று

முதுமையை நெருங்கும் ஆடவர் வெளியிற் பேச நாணும் நோய்களுள் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயும் ஒன்று. சிறுநீர் உபாதையை வீட்டாருக்கும் மறைத்து, நோய் முற்றிய பின்னரே வைத்தியரை நாடுவோர் உளர். நோயின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே, உடனே அறுத்தெறிய வேண்டுமெனப் பதறுவோரும் உளர். இவ்விரண்டும் அறியாமையின்பாற் பட்டன என்பதே எமது துணிபு.

இந்நோய் எல்லார்க்கும் ஒரே தன்மைத்தன்று. சிலரிடம் பல்லாண்டு அசையாது கிடக்கும். சிலரிடம் விரைந்து என்புகளிற் பரவும். எது எவ்வகையென முன்கூட்டி அறிய, அமெரிக்க நோயியலறிஞர் டொனால்ட் கிளீசன் 1966ஆம் ஆண்டில் ஒரு வழி வகுத்தார். சுரப்பியினின்றும் எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கி, கலங்கள் தம் ஒழுங்கமைப்பை இழந்த அளவுக்கேற்ப 1 முதல் 5 வரை எண்ணிட்டு, மிகுந்து காணும் இரு அமைப்புகளின் எண்களைக் கூட்டுவதே அம்முறை. திருத்தங்களுடன் அது இன்றும் வழங்குகின்றது.

கலத்தினுள்ளும் அடையாளங்கள் உள. கே.ஐ.-67 என்னும் புரதம் பிரிந்து பெருகும் கலங்களிற் காணப்படுவது. அது மிக்கிருப்பின் நோயின் வேகமும் மிக்கதெனக் கருதலாம். கலப்பெருக்கத்தை அடக்கும் பி.ரி.ஈ.என். என்னும் பரம்பரையலகு அழிந்திருப்பதும் தீய குறியே. இரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. என்பதோ, புற்றல்லாத வீக்கத்தாலும் அழற்சியாலும் உயரக்கூடியது. அதனை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது.

பிரித்தானியாவில், சுரப்பிக்குள் அடங்கிய புற்றுடைய 1,643 பேர் சத்திர சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, கண்காணிப்பு என மூன்று பிரிவாக வகுக்கப்பட்டனர். 2023இல் வெளிவந்த 15 ஆண்டு முடிவின்படி, எப்பிரிவிலும் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய மூவரே. ஆயினும், கண்காணிப்பில் இருந்தோரிடம் நோய் பரவியமை ஏனையோரினும் ஏறத்தாழ இருமடங்கு. சிகிச்சை பெற்றோருட் சிலர்க்கோ சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் நேர்ந்தன. ஆகவே, காத்திருத்தலுக்கும் விலையுண்டு, கத்திக்கும் விலையுண்டு. எவ்விலையைக் கொடுப்பதெனத் தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கே உரியது. அதற்கு அவர் தம் கலங்கள் கூறும் செய்தியை வைத்தியரிடம் வினவி அறிதல் வேண்டும். அச்செய்தியும் சாத்தியத்தைச் சொல்லுமேயன்றி விதியைச் சொல்லாது.

புற்றிலெல்லாம் பாம்பு உறைவதில்லை. எனினும், பாராது கைவிடுபவன் பேதை. பழைய மாணவர் ஒன்றுகூடும் இவ்விழாக் காலத்தில், ஒருவரோடொருவர் நாணமின்றி இதனைப் பேசுவாராயின், அதுவே கற்ற கல்விக்குப் பயனாகும்.