கடலுக்கடியில் கையைக் கட்டுங்கள்!

வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். சென்னையில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்தால் அந்தமான். வேலைக்குச் சேர்ந்த கையோடு நண்பர்கள் சேர்ந்து ஹேவ்லாக் தீவுக்குப் போய் (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் த்வீப்) ஸ்கூபா டைவிங் செய்து வருவது இப்போது சகஜம். நல்ல விஷயம் தான். நீச்சல் தெரியாதவர் கூட பயிற்சியாளர் பிடித்துக்கொள்ள, 12 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். ஆனால் அங்கே பார்ப்பது என்னவென்று தெரிந்து கொண்டு இறங்குபவர்கள் எத்தனை பேர்?

"ஃபைண்டிங் நீமோ" படத்தில் வரும் கோமாளி மீனை எல்லோருக்கும் தெரியும். அந்த மீன்கள் எல்லாமே ஆணாகப் பிறப்பவை. கூட்டத்தின் பெண் மீன் இறந்தால் அடுத்த பெரிய ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும்! கிளி மீன் பவளப்பாறையைக் கடித்துத் தின்று மணலாக வெளியேற்றுகிறது. தீவுக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் பெரும் பங்கு அதன் கழிவு தான்.

பெயரிலேயே "பாறை" இருப்பதால் பவளப்பாறையைப் பலர் வெறும் கல் என்று நினைக்கிறார்கள். அது ஆயிரக்கணக்கான சிறு உயிரினங்கள் கட்டிய குடியிருப்பு. பல வகைகள் வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூட வளர்வதில்லை. துடுப்புக் காலணியின் ஒரு உதை, பல வருட வளர்ச்சியை உடைத்து விடும். 2001-லேயே பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது புலிக்குத் தரும் பாதுகாப்பு! புலியைத் தடவிப் பார்க்க யாரும் ஆசைப்படுவதில்லையே?

"ஒருவர் தொட்டால் என்ன ஆகிவிடும்? கடல் சூடாவது தானே உண்மையான பிரச்சினை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010-ல் கடல் சூடேறியதில் அந்தமானிலும் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளுத்தன. 2024-ல் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. ஆனால் பட்ட காலிலேயே படக்கூடாது. வெப்பத்தில் வெளுத்துத் தப்பித்த பவளத்தைத் தினமும் வரும் புதுப்புது ஆட்கள் மிதித்தால் அது எப்போது தேறும்?

பவளம் போனால் அழகு மட்டும் போவதில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பல காலம் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. அலையைத் தடுக்கும் அரண் போனது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கின.

அதற்காக ஸ்கூபாவே வேண்டாம் என்பதல்ல. கண்ணால் கண்டவருக்குத் தான் அக்கறை வரும். ஆனால் முதல் முறை இறங்குபவரை நேராகப் பவளத்தின் மேல் கொண்டு போகக்கூடாது. மிதக்காமலும் மூழ்காமலும் நீரில் நிற்கும் பழக்கம் வரும் வரை மணல் பரப்பின் மேலேயே பயிற்சி தர வேண்டும். கடல் அட்டையையும் நட்சத்திர மீனையும் கையில் கொடுத்து போட்டோ எடுக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் நிற்க வேண்டும். வாடிக்கையாளர்கள் கேட்டால் நிச்சயம் நடக்கும், ஏனென்றால் காசு கொடுப்பது அவர்கள் தான்.

அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் போடும் நண்பர்களே, பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்ன அதே பாடம் தான்: கையைக் கட்டிக்கொண்டு கண்ணைத் திறந்து பாருங்கள்!