சத்தம் கட் ஆனதுக்கு எதிர்க்கட்சி காரணம் இல்ல தோழர்களே!

போன வாரம் பொதுக்கூட்ட வீடியோவை எடிட் பண்ணது நான்தான். தலைவர் மேடை ஏறுற இடத்துல பழைய சினிமாப் பாட்டு ஒண்ணு போட்டேன். ஏத்தின ரெண்டு மணி நேரத்துல சத்தம் கட். "எவனோ ரிப்போர்ட் அடிச்சுட்டான்"னு குரூப்ல ஒரே கொதிப்பு. அதெல்லாம் இல்ல. பாட்டு நம்மளோடது இல்ல, அவ்வளவுதான்.

ஒரு பாட்டுல மெட்டும் வரியும் தனி உரிமை, ஒலிப்பதிவு தனி உரிமை. வீடியோவுல சேர்க்க ரெண்டுக்கும் அனுமதி வேணும். நம்ம பசங்களையே பாட வச்சாலும் மெட்டுக்கு அனுமதி வாங்கித்தான் ஆகணும். "பத்து விநாடிக்குள்ள போட்டா ஒண்ணும் கேட்க மாட்டாங்க"ங்கறது சும்மா. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல விநாடிக் கணக்கே கிடையாது.

2024-ல 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தப்போ நடந்தது ஞாபகம் இருக்கா? 1991-ல வந்த 'குணா' பாட்டுக்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். இசை நிறுவனங்கள்கிட்ட உரிமை வாங்கிட்டோம்னு தயாரிப்பாளர் தரப்பு சொன்னாங்க. பழைய ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அதைப் பொறுத்த சட்டச் சண்டை அது. அதுக்குள்ள நான் போகல. ஆனா அன்னிக்கு "காசு ஆசை"ன்னு மீம் போட்டவங்கள்ல நம்ம ஆளுங்களும் இருந்தாங்க. உண்மையைச் சொன்னா, நானும் ஒண்ணு ஷேர் பண்ணேன்.

கூலி உயர்வு கேட்டுப் போராடுறவங்களுக்குக் கை தட்டுற நாம, பாட்டுப் போட்டவர் கேட்டா மட்டும் ஏன் சிரிக்கிறோம்?

வேற ஒப்பந்தம் இல்லேன்னா, காசு கொடுத்துப் பாட்டு வாங்கின தயாரிப்பாளரே முதல் உரிமையாளர்னு 1977-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2012-ல சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம்தான், தியேட்டர்ல படத்தோட ஓடுறது தவிர மத்த பயன்பாட்டுக்கான ராயல்டியை பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுத்து கையெழுத்துப் போட முடியாதுன்னு ஆச்சு. டிவி, ஓடிடி எல்லாம் இதுல வரும். மாநிலங்களவையில ஜாவேத் அக்தர் இதுக்காகப் பேசினார். ஒரு பாடலாசிரியரே எம்.பி.யா உள்ள போய்ப் பேச வேண்டியிருந்துச்சு, பாருங்க.

என் யோசனை இதுதான். அடுத்த பிரச்சார வீடியோக்களுக்கு நம்ம மாவட்டத்துப் பறை, நாட்டுப்புறக் கலைஞர்களையே புதுசா பாட வைப்போம். எவ்வளவு பணம், எங்க போடுவோம், எத்தனை நாளைக்கு, யார் பேர் வரும்னு ஒரு பக்கம் எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். "கட்சிக்குத்தானே, சும்மா பாடிக் கொடுங்க"ன்னு தயவுசெஞ்சு யாரும் கேட்காதீங்க.

உங்க ஊர்ல நல்லாப் பாடுறவங்க இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. அவங்ககிட்ட கேட்டுட்டு நம்பர் அனுப்புங்க.

— தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்