கண்ணுக்குக் குளிர்ச்சி

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை தொடங்கியதும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் நுவரெலியாவை நோக்கிப் புறப்படுகின்றன. வெயிலுக்கு அஞ்சிக் குளிரை நாடுதல் இயல்பே. பிள்ளைகளுக்கு மலையையும் அருவியையும் காட்ட வேண்டுமென்ற பெற்றோரின் விருப்பத்திலும் பிழை காண்பார் எவருமிலர். ஆயின், அப்பயணத்திலே பிள்ளைகள் எதனைப் பார்க்கப் பழகுகின்றனர், எதனைப் பாராதிருக்கப் பழகுகின்றனர் என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலர். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாகப் பாட்டும் கூத்துமாய் மலையேறும் பல்கலைக்கழகச் சுற்றுலாக்களும் இதற்கு விலக்கல்ல.

'நுவரெலியா சீசன்' என்பது இந்நாட்டு மக்கள் எவரும் தமக்கென வகுத்துக்கொண்ட வழக்கமன்று. அது துரைமாரின் வழக்கம். தேசாதிபதி கிரகரியின் காலத்தில், 1873இல், அவர் பெயராலேயே அங்கு வாவி அமைந்தது. குதிரைப் பந்தயமும் கொல்ஃப் திடலும் வந்து சேர்ந்தன. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டிறக்கவே அந்தப் பாதை மலையேறியது என்பது இன்று அதன் யன்னலோரத்தில் நின்று படம்பிடிப்போருக்கு நினைவில் இல்லை. துரைமார் போய்விட்டனர், அவர்களின் கண் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இது மிகைக்கூற்றன்று. அப்புத்தளைக்கு மேலே 'லிப்டன் சீட்' என்றோர் உச்சி உண்டு. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை விலைக்கு வாங்கிய தோமஸ் லிப்டன் அங்கமர்ந்து தம் உடைமையைப் பார்த்து மகிழ்ந்தார் என்பர். இன்று விடுமுறைக்கு வரும் குடும்பம் அதே உச்சியில் நின்று அதே திசையை நோக்குகின்றது. உடைமையாளன் பார்த்த கோணத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தேயிலை விரிந்த கம்பளமாகவும், லயன்கள் தூரத்துப் புள்ளிகளாகவும், கொழுந்து பறிப்போர் அக்கம்பளத்தில் அசையும் வண்ணங்களாகவுமே தோன்றுதல் இயற்கை. கோகிலம் சுப்பையா தோட்ட மக்களின் வாழ்வைப் பற்றிய தம் நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' எனப் பெயரிட்டார். பழமொழியின் எஞ்சிய பகுதியை வாசகரே நிரப்பிக்கொள்ளட்டும் என விட்டார் போலும்.

அந்தப் பச்சையின் அருகே சென்றால் என்ன தெரியும்? கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, வழிநெடுகிலும் மடிந்தவர் போக எஞ்சியோரின் பேரப்பிள்ளைகள் தெரிவர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவரின் பிள்ளைகள் தெரிவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது 525,000 பேர் இந்தியாவுக்கென்றும் 300,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்க்க வேண்டிய கணக்காக ஒதுக்கி வைக்கப்பட்டனர். இந்தியாவுக்கெனக் குறிக்கப்பட்டோரைச் சுமந்து மலையிலிருந்து தலைமன்னாரை நோக்கி இறங்கிய வண்டிக்கு அம்மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். உலகின் மிக அழகிய புகையிரதப் பயணங்களுள் ஒன்று எனப் போற்றப்படுவதும் அந்த மலைப்பாதையே.

ஓய்வுக்கு வந்தவனிடம் வரலாற்றுப் பாடம் எதிர்பார்ப்பது முறையா எனச் சிலர் கேட்பர். ஓய்வு என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று என்பதே அதற்குரிய விடை. உல்லாசப் பயணத்தால் மலையகத்துக்கு வருமானம் பெருகுகின்றதே என வேறு சிலர் வாதிடுவர். விடுதியின் வருமானத்தையும் லயனின் வருமானத்தையும் ஒரே ஏட்டில் எழுதுவோர் மாத்திரமே அவ்வாறு கூறவியலும். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2015 அளவில் எழுந்து, 2021இலேயே வர்த்தமானியில் ஏறியது. மறு ஆண்டில் ரூபாவே சரிந்து வீழ்ந்தது. இந்நிலையில், படத்துக்கு நின்ற கொழுந்துப் பெண் காசு கேட்டாள் என்று வீடு திரும்பியபின் முறையிடுவோர் உளர். தன் முகத்துக்கேனும் தானே விலை சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கட்டும்.

தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இப்பாராமுகம் இன்னும் கனமானது. வெளிநாட்டுப் பயணிக்கு மொழி தெரியாது என்ற சாக்குண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. வாகனத்தின் பின்னிருக்கையிலிருந்து "அந்த வரிசை வீடுகளில் இருப்பவர் யார்?" எனக் கேட்கும் பிள்ளைக்குத் 'தோட்டக்காட்டார்' என்ற ஒற்றைச் சொல்லால் விடைகூறிய தலைமுறைகள் உண்டு. வடக்கிலும் கொழும்பிலும் வசதி படைத்த வீடுகள் பலவற்றின் அடுப்படிகளில் மலையகச் சிறுவர் சிறுமியரே வேலை செய்தனர். சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தைப் பரீட்சைக்குப் படித்து நல்ல புள்ளி பெற்றவரும் அவ்வீடுகளில் வளர்ந்தவராக இருக்கக்கூடும்.

கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயாவை நோக்கிச் செல்லும் வீதியோரத்தில் தியலும அருவி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றது. வாகனங்கள் அங்கே தவறாது நிற்கின்றன. அதே கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டிலிருந்தோரும் இல்லை. மண்சரிவு என்பது பயணிக்குப் பாதை தடைப்படும் செய்தி. அங்கு வாழ்வோருக்கு அது ஒவ்வொரு மழையிரவும் கூரைக்கு மேலே நிற்கும் மலை. அருவியைக் காட்டும் தந்தை அந்த மலையையும் சுட்டிக்காட்டுவதற்கு மேலதிகச் செலவு ஏதுமில்லை.

இவ்விடுமுறையில் மலையேறுவோர் இவர்கள் மாத்திரமல்லர். கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்கும் இளைஞரும், ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்களும், வீட்டு வேலைக்குச் சென்ற தாய்மாரும் புதுத்துணிப் பொதியோடு அதே நாட்களில் ஊர் திரும்புகின்றனர். பேருந்தில் இருக்கை கிடைப்பது அரிது. அட்டன்வரை நின்றபடியே செல்வோர் பலர். குடும்பத்தோடு இருக்கக் கிடைக்கும் சில நாட்களே அவர்களது விடுமுறை. அவர்கள் எவ்விடத்தையும் பார்க்கப் போவதில்லை. விடுமுறை முடிய இரு சாராரும் ஒரே வீதியால் இறங்குகின்றனர், ஒருவர் லீக்ஸும் கரட்டும் தேயிலைப் பெட்டியும் ஏற்றிய காரில், மற்றவர் மீண்டும் நின்றபடி. கினிகத்தேனைப் பக்கத்துத் தேநீர்க் கடையொன்றில் காரும் நிற்கின்றது, பேருந்தும் நிற்கின்றது. காரிலிருந்து இறங்கிய பிள்ளை, தன் மொழியே பேசும் அவ்விளைஞனிடம் எந்தத் தோட்டம், வீட்டில் யார் யார், மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டால் அவன் விடைசொல்லப் பத்து நிமிடம் போதும். பேருந்து அவ்வளவு நேரம் அங்கே நிற்கும்.