முன்பணம் கட்டுமுன் வீட்டைச் சோதியுங்கள்



மாப்பிள்ளை பார்க்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால் ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொட்டி வீடு வாங்கும்போது மட்டும் கூடத்தைப் பார்த்து, சமையலறையை எட்டிப் பார்த்து, "வர்ணம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி முன்பணத்தைக் கட்டிவிடுகிறோம்!

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. வேலை ஓய்ந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்த கணவன் மனைவி இருவரின் சேமநிதியும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் போய்ச் சேருகிறது. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குக் குறைந்தவர்களின் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீட்டுக்கென எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் சேர்கிறது. அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம், கூரை ஒழுகும் வீட்டில் கரைந்து போகலாமா?

"வங்கி ஆள் பார்த்தாரே, அது போதாதா?"

பலரும் கேட்கும் கேள்வி இது. போதாது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், அந்த வீடு இன்று என்ன விலைக்குப் போகும் என்று வங்கிக்குச் சொல்ல வருகிறார். கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதே அங்கு கவலை. கதவு நிலைக்குள் கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவர் வேலை அல்ல.

"சர்வேயர்" என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. எல்லைக்கல் நடுபவர் நில சர்வேயர். கட்டுமானச் செலவைக் கணக்கிடுபவர் வேறொரு சர்வேயர். வீட்டின் உடல்நிலையைச் சோதிப்பவர் கட்டட சர்வேயர். நமக்கு வேண்டியவர் இவர்தான்.

மூன்று வகைச் சோதனை

முதலாவது, நாமே சுற்றிப் பார்ப்பது. இதற்குச் செலவில்லை. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமே தெரியும்.

மூன்றாவது, பொறியாளரை வைத்துச் சுவரைத் திறந்து, மண்ணைத் தோண்டிப் பார்க்கும் முழுச் சோதனை. இதற்குச் செலவு அதிகம். பெரிய வெடிப்பு உள்ள வீட்டுக்கும், மிகப் பழைய வீட்டுக்கும், மேட்டுச் சரிவில் உள்ள வீட்டுக்கும் இது தேவைப்படலாம்.

இரண்டுக்கும் இடையில் இருப்பதே நடுத்தரச் சோதனை. சாதாரண வரிசை வீடு வாங்கும் நம் போன்றவர்களுக்கு இதுவே பொருந்தும். எதையும் உடைக்காமல், கூரை முதல் கால்வாய் வரை பார்த்து, படத்துடன் அறிக்கை தருவார்கள். பிரிட்டனில் இதையே இரண்டாம் படிச் சோதனை என்கிறார்கள். அந்த அறிக்கையில் ஒவ்வொரு பகுதிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறியிடுவார்கள். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் பழுது பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே கவனிக்க வேண்டும். நீங்களும் ஆளை அமர்த்தும்போதே, எதை எதைப் பார்ப்பார், பழுதுகளைத் தரம் பிரித்து எழுத்தில் தருவாரா, அவர் தகுதி என்ன என்று கேட்டுவிடுங்கள். வீட்டை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டு காட்டும் ஆளை விட, நீங்களே தேடிப் பிடிக்கும் ஆள் நல்லது.

எதை எதைப் பார்க்க வேண்டும்?

கூரை: சீலிங்கில் தேநீர்க் கறை போல வட்டம் இருந்தால் மேலே ஒழுக்கு உண்டு. அந்த இடத்தில் மட்டும் புது வர்ணம் பூசியிருந்தால் இன்னும் கவனம் தேவை. பழைய வீட்டுக் கூரைத் தகடு ஆஸ்பெஸ்டோசா என்று கேளுங்கள். அதை அறுத்தாலோ துளையிட்டாலோ எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு.

சுவர்: மேல்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு சாதாரணம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பும், 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற வெடிப்பும் அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டலாம்.

பின்கட்டு: நம் தாமான்களில் அதிகத் தொல்லை தருவது இதுதான். முன்னாள் சொந்தக்காரர் சமையலறையைப் பின்னால் நீட்டியிருப்பார். பழைய வீட்டின் அஸ்திவாரம் ஒன்று, நீட்டிய பகுதியின் அஸ்திவாரம் வேறொன்று. புதிய பகுதி மெல்ல இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாகச் சுவர் பிளக்கும், மழைநீர் உள்ளே வரும். நீட்டுவதற்கு நகராண்மைக் கழக அனுமதி இருந்ததா என்றும் கேளுங்கள். அனுமதியில்லாத கட்டடம் என்றால் அந்தச் சிக்கல் நாளை உங்கள் தலையில்தான் விழும்.

கறையான்: கதவு நிலை, படிக்கட்டு, சமையலறை அலமாரியின் பின்புறம், கூரைச் சட்டம் ஆகியவற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெற்றாக ஒலித்தாலோ, சுவரில் பென்சில் தடிப்பில் மண்கோடு ஏறியிருந்தாலோ கறையான் புகுந்திருக்கிறது என்று பொருள்.

மின்சாரமும் தண்ணீரும்: மின்கசிவைத் தடுக்கும் கருவியில் சோதனைப் பொத்தான் உண்டு. அழுத்தியவுடன் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். பழைய இரும்புக் குழாயாக இருந்தால் துருத் தண்ணீர் வரும்.

நிலம்: பழைய ஈயச் சுரங்க நிலமும் கடலோரச் சதுப்பு நிலமும் காலப்போக்கில் இறங்கக் கூடியவை. 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். வீட்டை மட்டும் பார்த்தால் போதாது, வீட்டின் பின்னே இருக்கும் சரிவையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். பெருமழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். "இங்கே தண்ணீர் ஏறுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். விற்பவர் மறைப்பதை அவர் சொல்லிவிடுவார்.

எப்போது சோதிப்பது?

விலை பேசி முடித்த பிறகு, முன்பணம் கட்டுமுன். இதுதான் சரியான நேரம். எடுத்துக்காட்டாக, 2,50,000 வெள்ளி வீட்டுக்கு 2 விழுக்காடு முன்பணம் என்றால் 5,000 வெள்ளி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10 விழுக்காடு நிறைய வேண்டும். அது 25,000 வெள்ளி. கையெழுத்துப் போட்டபின் பழுது தெரிந்து பின்வாங்கினால், அந்தப் பணத்தை இழக்க நேரிடும். "முன்பணம் கட்டினால்தான் வீடு நிற்கும்" என்று ஏஜெண்டு அவசரப்படுத்தினால், சோதனையில் பெரும் பழுது தெரிந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கட்டுங்கள். வாய்ச்சொல் போதாது.

அறிக்கை கையில் வந்ததும் மூன்று வழி உண்டு. பழுது பார்த்துத் தரச் சொல்லலாம். பழுதுச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். பழுது பெரிதென்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். விட்டுவிட்டு வருவதில் வெட்கம் எதுவும் இல்லை. சோதனைக்குக் கொடுத்த சில நூறு வெள்ளி, பல ஆயிரத்தைக் காப்பாற்றிய காவல் கூலி என்று எண்ணிக் கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குவோருக்குச் சாவி பெற்றதிலிருந்து 24 மாதம் பழுதுப் பொறுப்புக் காலம் உண்டு. அதற்குள் சோதித்து, எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உள்ளது உள்ளபடி என்றே விற்பார்கள்.

ஏல வீடு மலிவு என்று ஓடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள். மீதிப் பணத்தைக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் முன்பணமும் போய்விடும்.

கட்டட சர்வேயர் சுவரைப் பார்ப்பார், கிராண்டைப் பார்க்கமாட்டார். வீடு யார் பெயரில் இருக்கிறது, குத்தகை எத்தனை ஆண்டு மிச்சம், நிலவரி பாக்கி உண்டா என்பதை வழக்கறிஞர் மூலம் நில அலுவலகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். அதைப் பற்றி அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம். அதுவரை, எந்த வீட்டுக்கும் அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள்.